நிரலாக்கம் பிடிக்காத கணினிப் பட்டதாரி: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்த வழி யாருக்கு?

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும், அதன் திருகோணமலை வளாகத்திலிருந்தும், சம்மாந்துறையில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலிருந்தும் கணினி விஞ்ஞானம் படித்து வெளியேறுவோரில் ஒரு பகுதியினர், பட்டம் கையில் கிடைக்கும் முன்னரே தமக்கு நிரலாக்கம் ஒத்துவராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளி எந்தப் பாடநெறிக்குப் போதுமோ அதைத் தெரிவுசெய்வதே இங்கு பெரும்பாலும் வழக்கம். நாள் முழுவதும் திரையின் முன் அமர்ந்து கோட் எழுதுவது பிடிக்குமா என்று உயர்தரம் முடித்த பிள்ளையிடம் எவரும் கேட்பதில்லை.

பட்டம் முடிந்ததும் ஆலோசனைகள் மட்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. வீட்டார் அரசாங்க உத்தியோகம் என்பார்கள், கூடப் படித்தவர்கள் கியூஏ, அதாவது மென்பொருள் தரச் சோதனை, என்பார்கள், இணையமோ கோடிங் தேவைப்படாத வேலைகள் என்று இருபது பெயர்களை அடுக்கும். அந்தப் பட்டியல்களைத் தயாரித்தவர்களுக்கு மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போவது ஓர் இரவுப் பயணம் என்பதும், அங்கே தங்குமறைக்கும் சாப்பாட்டுக்கும் போக ஆரம்பச் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்பதும், வர்த்தமானி அறிவித்தலுக்காக ஒரு குடும்பமே வருடக்கணக்கில் காத்திருக்கும் என்பதும் தெரியாது. எனவே ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் அளந்து பார்க்கலாம்: அந்த வேலையில் கோட் எவ்வளவு மிஞ்சியிருக்கும், சொந்த மாவட்டத்தில் இருந்துகொண்டே அதைச் செய்ய முடியுமா, முதல் சம்பளம் வர எவ்வளவு காலம் எடுக்கும், பத்து வருடங்களின் பின்னர் அது ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்.

அதற்கு முன்னர், பிடிக்காதது எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். சிலருக்கு நிரலை வாசித்தால் விளங்கும், பிழை எங்கே என்று சுட்டவும் முடியும். ஆனால் தனியே அமர்ந்து மணிக்கணக்கில் எழுதுவது சலிப்பூட்டும். வேறு சிலருக்கு மனிதர்களோடு பழகும் வேலை வேண்டும். இயந்திரத்தோடு மட்டும் நாள் கழிவதை அவர்களால் ஏற்க முடியாது. மூன்றாம் வகையினரும் உள்ளனர். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு, முதலாம் வருடத்தில் ஆங்கிலத்தில் நடந்த விரிவுரைகளில் அடிப்படையைத் தவறவிட்டு, பின்னர் ஒவ்வொரு பரீட்சையையும் கடந்தகால வினாத்தாள்களை மனனஞ்செய்தே கடந்தவர்கள் இவர்கள். இவர்களுடைய வெறுப்பில் பாதிக்கு மேல் அச்சம் என்பது என் கணிப்பு. வேறு தொழிலைத் தேடுமுன் இவர்கள் பைதன் மொழியைத் தொடக்கத்திலிருந்து, புள்ளிகளைப் பற்றிய கவலையின்றி, ஒரு மூன்று மாதம் மீண்டும் கற்றுப் பார்ப்பது நல்லது. அதன் பின்னரும் பிடிக்கவில்லையென்றால் அவர்களும் முதல் இரு வகையினரோடு சேர்ந்து கீழுள்ள வழிகளைப் பரிசீலிக்கலாம்.

மென்பொருள் நிறுவனங்களுக்குள்ளேயே இருக்கும் இரு வழிகள் தரச் சோதனையும் வணிகப் பகுப்பாய்வும் ஆகும். பேச்சுவழக்கில் கியூஏ, பிஏ. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டாலும் இவை இரு வேறு சுபாவங்களைக் கேட்பவை. தரச் சோதனையாளர், எழுதி முடிக்கப்பட்ட மென்பொருள் எந்தச் சூழ்நிலையில் தவறும் என்று தேடுகிறார், தவறிய விதத்தை மற்றவர் மீண்டும் செய்து பார்க்கக்கூடியவாறு எழுதிவைக்கிறார், திருத்தப்பட்டதும் மறுபடியும் சோதிக்கிறார். பொறுமையும், சந்தேகப்படும் மனமும், தெளிவாக எழுதும் ஆற்றலும் இருந்தால் போதும். இத்துறைக்குள் நுழைவதற்கு உதவும் ஐஎஸ்ரிகியூபி அடிப்படைச் சான்றிதழின் பரீட்சை 40 வினாக்களைக் கொண்டது. 26 சரியாக இருந்தால் சித்தி. அறுபது நிமிடப் பரீட்சையான இதில், பரீட்சை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்களுக்கு மேலதிகமாக 15 நிமிடம் தரப்படுகிறது என்பதை நம்மவர்கள் பலர் அறியாமலே போய் எழுதுகிறார்கள். கணினி விஞ்ஞானம் படித்த ஒருவர் ஓரிரு மாதங்களில் இதற்கு ஆயத்தமாகிவிடலாம்.

ஆனால் கியூஏ வேலை கோட்டிலிருந்து தரும் விடுதலை தற்காலிகமானது. கையால் சோதிக்கும் வேலைகள் ஆரம்பநிலையினருக்கே பெரும்பாலும் கொடுக்கப்படுகின்றன. பதவியும் சம்பளமும் உயர வேண்டுமென்றால் செலீனியம், பிளேரைட் போன்ற கருவிகளைக்கொண்டு சோதனைகளைத் தன்னியக்கமாக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் நிரலாக்கமே. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஆரம்பநிலைச் சோதனைகளில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருப்பதால் இந்த நெருக்கடி இன்னும் விரைவில் வரும் என்றே தோன்றுகிறது. ஆகவே, எழுதுவது சலிப்பு, வாசிப்பது சலிப்பில்லை என்னும் முதல் வகையினருக்கு இது பொருந்தும். கோட் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர் இரண்டு மூன்று வருடங்களில் விட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்பார்.

வணிகப் பகுப்பாய்வாளரின் வேலை அதற்கு முந்திய கட்டத்தில் நடக்கிறது. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது, அவர் சொல்வதற்கும் அவருக்கு உண்மையில் தேவைப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது, அதை நிரலாளருக்கு விளங்கும் வகையில் வரைபடங்களாகவும் தேவைக்கூற்றுகளாகவும் எழுதுவது ஆகியவையே அதன் சாரம். கோட் அநேகமாக இல்லை. தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் தெரிந்திருந்தால் நன்மை, அதை வெறுப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. இங்கே தடை வேறிடத்தில் இருக்கிறது. கொழும்பிலுள்ள நிறுவனமொன்றில் பிஏ ஆகச் சேர்பவர் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ஆங்கிலத்திலும், உள்ளூர் வங்கி அல்லது அரச நிறுவன அதிகாரியோடு சிங்களத்திலும் கூட்டத்தில் அமர்ந்து பேச வேண்டியிருக்கும். கிழக்கிலிருந்து போகும் பட்டதாரியிடம் பாட அறிவு இருக்கும். பேச்சு ஆங்கிலத்திலே தடுமாறுவார், சிங்களம் சில வாசகங்களோடு நின்றுவிடும். நேர்முகப் பரீட்சையில் பலர் பின்தங்குவதற்கு இதுவே காரணம். மறுபுறம், மூன்று மொழிகளிலும் ஓரளவு பேச முடிந்தவர் அரச துறைக்கான மென்பொருள் திட்டங்களில் எளிதில் ஒதுக்கிவிட முடியாதவராகிறார். அம்பாறை நகரிலோ அதை அண்டிய இடங்களிலோ சிங்கள மக்களோடு பழகி வளர்ந்த தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இந்த அனுகூலம் கையிலேயே இருக்கிறது; அதைத் தகைமையாக அவர்கள் சுயவிபரக் கோவையில் எழுதுவதுகூட இல்லை.

புதிதாக வெளியேறியவரை நேரடியாக பிஏ பதவிக்கு எடுக்கும் இடங்கள் குறைவு. ஆகவே கியூஏ ஆகச் சேர்ந்து, மென்பொருளின் உள்விவகாரங்களையும் வாடிக்கையாளரின் குறைகளையும் அறிந்துகொண்டு, ஒன்றரை அல்லது இரண்டு வருடங்களில் அதே நிறுவனத்துக்குள் பிஏ பக்கம் மாறுவதே நடைமுறைச் சாத்தியமான பாதை. செயற்றிட்ட முகாமைத்துவம் பற்றி இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. பலரும் ஆசைப்படும் பிஎம்பி சான்றிதழுக்குப் பட்டதாரியாக இருந்தாலும் 36 மாத முகாமைத்துவ அனுபவம் வேண்டும். ஆகவே அது முதல் வேலையாக அமைய வாய்ப்பில்லை, பிஏ வழியே சென்றவர் பின்னர் அடையக்கூடிய இடம் அது.

கியூஏ, பிஏ இரண்டுக்கும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பது பெரும் விலை. வீட்டிலிருந்தே வேலைசெய்ய அனுமதிக்கும் நிறுவனங்கள் உண்டு என்றாலும், அனுபவமற்ற ஒருவரை முதல் நாளிலிருந்தே களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து வேலைசெய்ய விடுவது அரிது. இரண்டு வருடம் கொழும்பில், பிறகு ஊரிலிருந்து என்று கணக்குப் போடுவது நியாயமானது.

ஊரைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு வலையமைப்பு மற்றும் கணினி முறைமை நிர்வாகம் ஒரு வழி. வைத்தியசாலை, வங்கி, பல்கலைக்கழகம், ஆடைத் தொழிற்சாலை, பெரிய நெல் ஆலை என எங்கும் கணினிகள் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பழுது எங்கே என்று ஒவ்வொரு இணைப்பாகச் சரிபார்த்துக் கண்டுபிடிப்பதில் மகிழ்ச்சி காண்பவருக்கு இது பொருத்தமான வேலை. சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏ பரீட்சை இரண்டு மணித்தியாலம் கொண்டது. கட்டணம் 300 அமெரிக்க டொலர், அதாவது டொலர் 300 ரூபாயை அண்டி நிற்கும்போது 90,000 ரூபா. சான்றிதழ் மூன்று வருடங்களுக்கே செல்லுபடியாகும். வேலை கிடைக்குமுன் அந்தத் தொகையைச் செலவிடுவது பெரும்பாலான குடும்பங்களுக்குச் சுமை. பாடத்தைப் படித்து, வலையமைப்பைக் கணினியிலேயே அமைத்துப் பழக உதவும், இலவசமாகக் கிடைக்கும் பக்கெட் ட்ரேசர் மென்பொருளில் பயிற்சி செய்துகொண்டு, பரீட்சையை முதலாவது வேலைக்குப் பின்னர் எழுதுவது என் பரிந்துரை. இரவில் சேவர் நின்றால் இரவில்தான் போக வேண்டும் என்பதையும், உள்ளூரில் இத்தகைய பதவிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஒருவர் விலகினால்தான் இன்னொருவருக்கு இடம் வரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனி அரச துறை. கிழக்கில் இந்தத் தெரிவை உணர்ச்சியை விலக்கி ஆராய்வது கடினம். 2017 இல் மட்டக்களப்பு காந்திப் பூங்கா முன்பாக வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இரவு பகலாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தப் பந்தலில் அமர்ந்திருந்தவர்களின் வயதும், அவர்கள் காத்திருந்த வருடங்களும் இந்த மாவட்டத்தவர் எவருக்கும் எளிதில் மறக்காது. அரச நியமனம் கிடைத்தவருக்கு அது வாழ்நாள் பாதுகாப்பு. கிடைக்கும் வரை உள்ள காலத்துக்கு எவரும் பொறுப்பில்லை.

அரச துறைக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. நிரலாக்கம் பிடிக்காத கணினிப் பட்டதாரிக்கு நான் முதலிடம் தருவது ஆசிரியத் தொழிலுக்கே. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடம். 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை அறிமுகமான பின்னர் அதற்கான தேவை கிராமப்புறப் பாடசாலைகளுக்கும் பரவியது. சாதாரண தரத்தில் பாஸ்கலும் உயர்தரத்தில் பைதனும் பாடத்திட்டத்தில் நீண்டகாலமாக இடம்பெற்றுவந்துள்ளமையால், ஆசிரியராகப் போனால் கோடிங்கை முற்றாகக் கைகழுவிவிடலாம் என்று நினைப்பவர் ஏமாறுவார். எனினும் வகுப்பறையில் எழுதப்படும் நிரல் இருபது வரியைத் தாண்டாது. திரும்பத் திரும்பச் செய்யப்படும் கட்டளைத் தொகுதியான ஒரு மடக்கு எப்படிச் சுழல்கிறது என்று பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் விளங்கப்படுத்துவது, பத்தாயிரம் வரி கொண்ட மென்பொருளில் பிழை தேடுவதிலிருந்து முற்றிலும் வேறான வேலை. தனிமையை வெறுத்த இரண்டாம் வகையினர் பலருக்கு இது நன்றாகவே பிடித்துப்போகும். மேலே சொன்ன, அடிப்படையைத் தவறவிட்டு அஞ்சியவர்களும் திருந்தக் கற்றுக்கொண்ட பின் நல்ல ஆசிரியர்களாக வருவதுண்டு, மாணவன் எந்த இடத்தில் வழுக்குவான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மாகாணப் பாடசாலைகளுக்கான பட்டதாரி நியமனங்கள் போட்டிப் பரீட்சை மூலம் கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு ஊடாக வருகின்றன. முதல் நியமனம் பெரும்பாலும் வசதி குறைந்த பகுதிக்கே கிடைக்கும். எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் பாடசாலை என்று வாவியைக் கடந்து சில வருடங்கள் போய்வர வேண்டியிருக்கும். கணினி அறையில் இயங்கும் கணினிகளைவிட இயங்காதவை அதிகமாக இருக்கவும் கூடும். சேவையில் முன்னேறப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா தேவை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருப்பதால் அதற்காக ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. உயர்தரப் பாடத்தை நன்றாகக் கற்பிப்பவருக்குத் தனியார் வகுப்பு மூலம் கிடைக்கும் மேலதிக வருமானத்தைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பச் சேவை பெயரளவில் கணினிப் பட்டதாரிக்கு மிக நெருக்கமானது. பிரதேச செயலகம், திணைக்களம் போன்றவற்றில் முறைமைகளைப் பராமரிப்பதும், ஊழியருக்குப் பயிற்சியளிப்பதும், கொள்வனவுக்கான தொழில்நுட்பக் குறிப்புகளைத் தயாரிப்பதுமான வேலைகளில் நிரலாக்கம் குறைவு. ஆட்சேர்ப்பு அடிக்கடி நடப்பதில்லை என்பதே அதன் குறை. அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி எந்தப் பட்டதாரிக்கும் திறந்தது. கணினி படித்தவர் அங்கே போனால் அலுவலகம் முழுவதற்கும் கடிதம் தட்டச்சு செய்பவராகவும் பிரின்டர் திருத்துபவராகவும் ஆகிவிடும் ஆபத்து உண்டு. நிருவாக சேவைப் பரீட்சைக்கு வயதெல்லையும் கடும் போட்டியும் இருப்பதால், அதில் ஈடுபாடு உள்ளவர் பட்டம் முடிந்த வருடத்திலேயே தொடங்குவது உசிதம்.

பலரும் கண்டுகொள்ளாத, இந்த மண்ணுக்கு மிகவும் பொருந்துகிற ஒரு துறை, இடம் சார்ந்த தரவுகளைக் கணினியில் வரைபடமாக்கி ஆராயும் புவியியல் தகவல் முறைமை. 2012, 2013 காலப்பகுதியில் உலக வங்கியின் ஆதரவுடன் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் ஏறத்தாழ 30,000 கட்டடங்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் எனும் திறந்த வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பதியப்பட்டன. அனர்த்தம் வந்தால் எங்கே எத்தகைய கட்டடம் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2004 ஆழிப்பேரலையையும் 2011 சனவரி வெள்ளத்தையும் கண்ட மாவட்டத்தில் அதன் பயனை விளக்கத் தேவையில்லை. அந்தப் பணிக்கு வேண்டியிருந்தவை செய்மதிப் படத்தைக் கூர்ந்து பார்க்கும் கண், களத்தில் இறங்கி விசாரிக்கும் கால், தரவை ஒழுங்காகப் பதியும் பழக்கம் ஆகியவை, நிரலாக்கம் அல்ல. இன்று இத்தகைய வரைபடங்களைத் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். வெள்ளம் தேங்கும் தாழ்நிலங்கள், கல்லோயா நீர்ப்பாசனத்தின் கீழுள்ள வயல்கள், வாவியோரக் கண்டல் காடுகள், யானை வேலி என வரைபடமாக்கப்பட வேண்டியவை கண்முன்னே கிடக்கின்றன.

இத்துறையின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலைகள் பெரும்பாலும் அரச சார்பற்ற நிறுவனங்களின் செயற்றிட்டங்களாக, ஆறு மாதம் அல்லது ஒரு வருட ஒப்பந்தமாக வருகின்றன. நிதி முடிந்தால் வேலையும் முடியும். நிரந்தர நியமனத்தை எதிர்பார்க்கும் வீட்டில் இதை விளங்கப்படுத்துவது சிரமம். ஆயினும் கணினிப் பட்டதாரி ஒருவர் இதில் புவியியல் பட்டதாரியைவிடத் தரவுத்தள அறிவாலும், சாதாரணக் கணினி அறிவுள்ளவரைவிடப் பகுப்பாய்வு ஆற்றலாலும் முந்தி நிற்கிறார். ஆசிரிய நியமனத்துக்கோ வேறு பரீட்சைக்கோ காத்திருக்கும் காலத்தைச் சம்பளத்துடனும் அனுபவத்துடனும் கழிக்க இதைவிடச் சிறந்த வழி இம்மாவட்டங்களில் எனக்குத் தெரியவில்லை.

இடைமுக வடிவமைப்பு, தொழில்நுட்ப எழுத்து, மென்பொருளைத் தமிழாக்கல் ஆகியவற்றை ஒன்றாகவே பார்க்கலாம், ஏனெனில் மூன்றிலும் பட்டத்தைவிடச் செய்துகாட்டிய வேலையே பேசும். ஃபிக்மா எனும் வடிவமைப்புக் கருவியில் ஒரு செயலியை வடிவமைத்து, ஆரையம்பதியிலுள்ள கடைக்காரர் ஒருவரும் பாட்டி ஒருவரும் அதைப் பயன்படுத்துகையில் எங்கே திணறினார்கள் என்று பதிவுசெய்து காட்டுபவர், பத்துச் சான்றிதழ் வைத்திருப்பவரைவிட மேலானவர். அழகுணர்ச்சியும் மொழி நுட்பமும் இயல்பாகவே உள்ளவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். வருமானம் சீரற்றது, சுயாதீனமாக வேலைசெய்பவருக்கு, தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி கிடையாது என்பதை விலை பேசும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

தகவல் முறைமைக் கணக்காய்வும் தரவுப் பாதுகாப்பும் மெல்ல வளரும் வேறொரு பாதை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுப் பாதுகாப்பு அலுவலர் என்ற பொறுப்பைச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. சட்டவாசகத்தையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்து விளங்கிக்கொள்பவர்கள் வங்கிகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் தேவைப்படுவார்கள். ஆனால் இத்துறையில் மதிப்புப் பெற்ற சிசா சான்றிதழுக்கு அடிப்படையில் ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள். வங்கியொன்றில் பயிலுநராகச் சேர்ந்து கணினிப் பிரிவுக்கோ உள்ளகக் கணக்காய்வுக்கோ நகர்பவருக்கே இது வாய்க்கும்.

எல்லாவற்றையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறுவது இரண்டு காரணங்களால்தான்: ஊரைவிட்டுப் போக முடியுமா, முடியாதா என்பது ஒன்று, மனிதரோடு பேசுவது ஓய்வா, களைப்பா என்பது மற்றது. போக முடிந்து பேச்சும் பிடித்தவருக்கு கியூஏ வழியாக பிஏ என்பதே வருமானத்திலும் வளர்ச்சியிலும் முந்தி நிற்கிறது. அவர் பட்டம் முடியும் வரை காத்திராமல் இப்போதே பேச்சு ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். போக முடிந்து அதிகம் பேச விரும்பாதவர் கியூஏ வேலையிலேயே நின்று, தன்னியக்கச் சோதனை வரும்போது அந்த அளவு கோட்டைச் சகித்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்கலாம். ஊரிலேயே இருந்தாக வேண்டியவருக்கு, பேச்சு பிடிக்குமென்றால் ஆசிரியத் தொழில், பிடிக்காதென்றால் வலையமைப்பு. வயோதிபப் பெற்றோரைப் பார்க்க வேண்டியவர்களும், திருமணப் பேச்சு தொடங்கிவிட்ட பெண்பிள்ளைகளும் பெரும்பாலும் இந்தப் பக்கத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். பெண்பிள்ளை என்பதற்காகவே கொழும்பு வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சகோதரனுக்கு அனுமதித்த இரண்டு வருடத்தை அவளுக்கும் அனுமதித்துவிட்டுப் பிறகு ஒப்பிடட்டும்.

வெறுமனே காத்திருப்பதும் ஒரு தெரிவே என்பதால் அதையும் அளக்க வேண்டும். வர்த்தமானி வரும் வரை வீட்டிலிருந்தவருக்கும், அதே காலத்தில் ஒப்பந்த அடிப்படையிலாவது வேலைசெய்தவருக்கும் போட்டிப் பரீட்சையில் புள்ளி வித்தியாசம் இருக்காது. பரீட்சையில் தவறினால் வித்தியாசம் தெரியும். காத்திருக்கும் காலத்தில் முதுமாணிப் படிப்பில் சேர்வதும் பலர் செய்வது. ஆசிரியத் துறைக்கோ விரிவுரையாளர் பதவிக்கோ அது துணைசெய்யும் என்றால் சரி, நாள் கடத்துவதற்கு என்றால் கட்டணத்தைச் சேமித்துக்கொள்வதே மேல்.

இன்னும் இறுதி வருடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி எஞ்சியிருக்கிறது. உள்ளகப் பயிற்சிக்கு இடம் தேடும்போது, நிரலாளராக அன்றிச் சோதனைப் பிரிவிலோ வணிகப் பகுப்பாய்விலோ சேர்த்துக்கொள்ளும்படி வெளிப்படையாகக் கேட்கலாம். ஆய்வுச் செயற்றிட்டத்துக்கு, மேற்பார்வையாளர் சம்மதித்தால், இன்னொரு கடை முகாமைத்துவ மென்பொருளைச் செய்வதற்குப் பதிலாகத் தமது பிரதேச செயலகப் பிரிவின் வெள்ள அபாய வரைபடத்தையோ, தமிழ் பேசும் பயனர்கள் வங்கிச் செயலியொன்றில் திணறும் இடங்களையோ எடுத்துக்கொள்ளலாம். பட்டத்தின் ஒரு பகுதியாகவே அது முடிந்துவிடும், மேலதிகச் செலவில்லை, பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.